மறுப்புக் கடிதத்திற்குப் பின்னால் ஒரு நீதிமன்றக் கதவு

அடைக்கலம் கேட்டு ஒருவர் மனுச் செய்கிறார். மாதங்கள் ஓடுகின்றன, சில வேளைகளில் ஆண்டுகளும் ஓடுகின்றன. கடைசியில் ஒரு கடிதம் வருகிறது. கோரிக்கை ஏற்கப்படவில்லை என்பதுதான் அதன் சாரம். அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டதா? அந்த முடிவை எதிர்த்து நீதிமன்றப் படி ஏற முடியுமா? முடியும் என்றால் நீதிபதி எதைப் பார்ப்பார்? முடியாது என்றால் ஏன் முடியாது? இந்த வார அரங்கிற்கு வந்திருக்கும் கேள்விகள் இவை.

ஆயர் ஈத்தாம் வட்டார மக்களுக்கு இது எங்கோ நடக்கும் சங்கதி அல்ல. பினாங்குத் தீவில் கட்டுமானத் தளத்திலோ உணவுக் கடையிலோ வேலை செய்யும் ஒருவர் தம் பையிலிருந்து 'யூஎன் கார்டு' என்று ஓர் அட்டையை எடுத்துக் காட்டுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அகதிகளுக்கான ஐநா ஆணையம் வழங்கும் அட்டை அது. 2024இல் மலேசியாவில் அந்த ஆணையத்தில் பதிந்திருந்தவர்கள் ஒரு லட்சத்து எண்பதாயிரத்திற்கும் அதிகம். பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். இலங்கைத் தமிழர்களும் அவர்களில் உண்டு. அட்டை கிடைத்தவர் பாதி மூச்சு விடலாம். கேட்டும் கிடைக்காதவரின் நிலை என்ன என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

யார் அகதி, யார் அடைக்கலம் கோருபவர்?

பேச்சு வழக்கில் எல்லாரையும் 'அகதி' என்று சொல்லிவிடுகிறோம். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. இனம், மதம், நாட்டுரிமை, அரசியல் கருத்து, ஒரு குறிப்பிட்ட சமூகப் பிரிவைச் சேர்ந்திருத்தல் ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் தம் நாட்டில் கொடுமைக்கு ஆளாவோம் என்று தக்க காரணத்தோடு அஞ்சி, நாட்டிற்கு வெளியே இருப்பவரே அகதி. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை தரும் விளக்கம் அது. அந்த விளக்கத்திற்குத் தாம் பொருந்துவதாகச் சொல்லி, முடிவுக்காகக் காத்திருப்பவர் அடைக்கலம் கோருபவர்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கொலை வழக்கென்றால் சாட்சி உண்டு, சம்பவ இடம் உண்டு, காவல் துறை அறிக்கை உண்டு. அடைக்கலம் கோரும் வழக்கில் சம்பவ இடம் பல ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கும். அடித்தவர்கள் அடித்ததற்கு ரசீது கொடுப்பதில்லை. உயிருக்குப் பயந்து ஓடியவர் கோப்பு எடுத்துக்கொண்டு ஓடுவதும் இல்லை. ஆகவே பெரும்பாலான வழக்குகளில் இருப்பது ஒருவரின் வாய்மொழி, உடம்பில் சில தழும்புகள், அந்த நாட்டைப் பற்றிய அறிக்கைகள். அவ்வளவுதான்.

ஓர் அதிகாரி இதை வைத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்திருப்பவர் சொல்வது நம்பத்தக்கதா என்று முடிவு செய்ய வேண்டும். அதிகாரியும் மனிதர்தான், தவறலாம். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லை மாற்றிவிடலாம். தேதி ஒன்று முன்பின் ஆகலாம். தவறினால் பாதிக்கப்படுவது ஓர் உயிர். அதனால்தான் முதல் முடிவே கடைசி முடிவாக இருக்கக் கூடாது என்ற எண்ணம் உலகில் வளர்ந்தது.

மேல்முறையீடு வேறு, சீராய்வு வேறு

நீதிமன்றம் என்றதும் எல்லாவற்றையும் நீதிபதி முதலிலிருந்து விசாரிப்பார் என்று நினைக்கிறோம். உண்மையில் இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, முழுமையான மேல்முறையீடு. மனுதாரர் மீண்டும் தம் கதையைச் சொல்வார். புதிய சான்று கொடுப்பார். விசாரிப்பவர் அதிகாரியின் முடிவை ஓரமாக வைத்துவிட்டு, 'இவருக்கு ஆபத்து உண்டா, இல்லையா?' என்று தாமே தீர்மானிப்பார்.

இரண்டாவது, நீதிமன்றச் சீராய்வு. இதில் நீதிபதி கேட்பது வேறு கேள்வி. 'அதிகாரி சட்டப்படி முடிவெடுத்தாரா? மனுதாரர் சொன்னதைக் கேட்டாரா? பார்க்க வேண்டியதைப் பார்த்தாரா?' என்பதே அந்தக் கேள்வி. முடிவு சரியா தவறா என்பதைவிட, முடிவுக்கு வந்த பாதை சரியா என்பதுதான் முக்கியம். வழக்கில் வென்றாலும் அடைக்கலம் கிடைத்துவிடாது. கோப்பு திரும்பவும் அதிகாரியின் மேசைக்கே போகும். மறுபடி முறையாகப் பார்க்கச் சொல்வார்கள்.

நம் ஊர் உதாரணம் ஒன்று சொன்னால் எளிதில் விளங்கும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை நீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி 60 நாள்களுக்குள் முறையிட்டால், சமரசம் எட்டாத நிலையில் விவகாரம் தொழிலியல் நீதிமன்றம்வரை போகும். அங்கே சாட்சிகளை விசாரித்து, நீக்கம் நியாயமா என்று தீர்மானிப்பார்கள். அந்தத் தீர்ப்பின்மீது உயர் நீதிமன்றத்திற்குச் சீராய்வு கேட்டுப் போனால், தொழிலியல் நீதிமன்றம் சட்டப்படி நடந்ததா என்பது அங்கே முக்கியக் கேள்வியாகிவிடும். அடைக்கல வழக்கிலும் இதே வேறுபாடுதான். ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. வேலை இழந்தவர் வழக்கு முடியும்வரை இந்த நாட்டில்தான் இருப்பார். அடைக்கலம் மறுக்கப்பட்டவரை அதற்குள் விமானம் ஏற்றிவிட்டால்?

இதுதான் விஷயத்தின் மையம். மேல்முறையீடு செய்யும் உரிமை எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அது விசாரணைக்கு வரும் நாளில் ஆள் இங்கே இருந்தால்தான் அதற்குப் பொருள். தமிழர் சம்பந்தப்பட்ட வழக்குகளே இதற்குச் சாட்சி சொல்கின்றன.

லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட ஐவர்

1987ஆம் ஆண்டு. இலங்கையிலிருந்து பிரிட்டனுக்கு வந்த தமிழ் இளைஞர்கள் சிலர் அடைக்கலம் கேட்டார்கள். உள்துறை அமைச்சு மறுத்துவிட்டது. நாட்டிற்குள் நுழையும் இடத்திலேயே மறுக்கப்பட்டவர்களுக்கு முழுமையான மேல்முறையீட்டு உரிமை அன்றைய சட்டத்தில் இருந்தது. ஆனால் நாட்டை விட்டுப் போன பிறகுதான் அதைப் பயன்படுத்த முடியும்! உள்ளே இருக்கும்போது அவர்களுக்குக் கிடைத்தது சீராய்வு மட்டுமே.

அதையும் விடாமல் போராடினார்கள். உயர் நீதிமன்றத்தில் தோல்வி. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வெற்றி. அன்று நாட்டின் உச்ச நீதி அமைப்பாக இருந்த பிரபுக்கள் சபையில் 1987 டிசம்பரில் மறுபடி தோல்வி. சட்ட மாணவர்கள் 'சிவகுமாரன் வழக்கு' என்று இன்றும் படிப்பது அதைத்தான். மனத்தில் அச்சம் இருந்தால் மட்டும் போதாது; வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் அந்த ஆபத்து நிகழ நியாயமான சாத்தியம் உண்டென்று தெரிய வேண்டும் என்று பிரபுக்கள் சொன்னார்கள்.

அந்த அளவுகோலில் ஒரு நன்மையும் இருந்தது என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். குற்ற வழக்கில் சந்தேகத்திற்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில் பாதிக்கு மேல் நம்பும்படி காட்ட வேண்டும். அடைக்கல வழக்கிலோ அவ்வளவு தேவையில்லை, நியாயமான சாத்தியம் போதும் என்ற விதி அதில் உறுதியாயிற்று. தவறினால் உயிர் போகும் என்பதால் அளவுகோலைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள்.

1988 பிப்ரவரியில் அந்த வழக்குகளில் தொடர்புடைய ஐவர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்தபடியே, வழக்கறிஞர்கள் மூலமாக, நாட்டை விட்டுப் போன பிறகு கிடைக்கும் அந்த மேல்முறையீட்டைச் செய்தார்கள். 1989 மார்ச்சில் விசாரணை நடுவர் தீர்ப்பளித்தார். ஐவரின் அச்சத்திற்கும் தக்க காரணம் இருந்தது; அவர்களை அனுப்பியிருக்கக் கூடாது; திரும்ப அழைத்து வர வேண்டும் என்பது தீர்ப்பு. பின்னர் அவர்கள் பிரிட்டனுக்குத் திரும்பிவர அனுமதிக்கப்பட்டார்கள்.

சற்று யோசித்துப் பாருங்கள். அதே ஐவர், அதே கதை. சீராய்வில் தோற்றார்கள், முழுமையான மேல்முறையீட்டில் வென்றார்கள். இடையில் ஓராண்டுக்கும் மேல், எந்த நாட்டில் ஆபத்து என்று சொன்னார்களோ அந்த நாட்டிலேயே கழித்தார்கள். திரும்பிய பின் துன்புறுத்தப்பட்டதாக அவர்களில் சிலர் முறையிட்டார்கள்.

வழக்கு ஸ்டிராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனது. 'வில்வராஜா வழக்கு' என்று பெயர் பெற்ற அதில், 1991 அக்டோபர் 30ஆம் தேதி, பிரிட்டன் மனித உரிமை ஒப்பந்தத்தை மீறவில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். அவர்களின் நிலைமை மற்ற தமிழ் இளைஞர்களின் நிலைமையைவிட மோசமாக இருந்ததாகக் காட்டப்படவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். ஊரே எரியும்போது ஒருவர் தம் வீட்டு நெருப்பைத் தனியாகக் காட்ட வேண்டுமா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது.

ஆனாலும் அந்தப் போராட்டக் காலத்தின் முடிவில் சட்டம் மாறியது. 1993ஆம் ஆண்டுச் சட்டம், அடைக்கலம் மறுக்கப்பட்டவர் பிரிட்டனுக்குள் இருந்தபடியே மேல்முறையீடு செய்யும் உரிமையைக் கொடுத்தது.

ஒரே தழும்பு, இரண்டு வாசிப்பு

உள்ளே இருந்தபடி மேல்முறையீடு செய்ய முடிந்தால் என்ன நடக்கும் என்பதை இன்னொரு தமிழரின் வழக்கு காட்டுகிறது. தீர்ப்பில் அவர் பெயர் இல்லை. இரண்டு எழுத்துகளால் மட்டும் குறிப்பிடப்படுகிறார். 2011இல் பிரிட்டனுக்கு வந்தவர். நகைத் தொழில் தெரிந்தவர். விடுதலைப் புலிகளுக்காகத் தங்கத்தை உருக்கிக் கொடுத்தவர் என்பதால், போர் முடிந்த பின் இராணுவத்தினர் தம்மைப் பிடித்து, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் சுட்டார்கள் என்றார். முதுகில் ஐந்து தழும்பு, வலக் கையில் இரண்டு.

அவரைப் பரிசோதித்த மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். கைத் தழும்புகளின் ஓரங்கள் சீராக இல்லை. முதுகுத் தழும்புகளின் ஓரங்களோ கோடு போட்டாற்போலத் தெளிவாக இருந்தன. அவர் சொன்ன கதையோடு அது பொருந்தியது. கையில் சுடும்போது நினைவோடு துடித்திருக்கிறார்; பிறகு மயங்கிவிட்டார்; முதுகில் சுட்டபோது உடம்பு அசையவில்லை.

தீர்ப்பாயம் அதே தழும்பை வேறு விதமாகப் படித்தது. அடைக்கலம் பெறுவதற்காகவே, மயக்க மருந்து எடுத்துக்கொண்டு, வேறொருவரை வைத்துத் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டிருக்கலாம் என்று 2014இல் முடிவு கட்டியது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதையே ஆமோதித்தது.

2019 மார்ச் 6ஆம் தேதி பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த முடிவைத் தள்ளியது. பொய்க் கோரிக்கைக்காக ஒருவர் பிறரை வைத்துத் தம் உடம்பை இப்படிச் சுட்டுக்கொள்வது மிக மிக அபூர்வம். அந்த அபூர்வத்தைத் தீர்ப்பாயம் கணக்கில் எடுத்திருக்க வேண்டும் என்றது. தழும்புகள் மனுதாரர் சொல்லும் கொடுமையோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று மருத்துவர் கருத்துச் சொல்வது அவர் வேலைக்கு உட்பட்டதே என்றும் தெளிவாக்கியது. சித்திரவதைத் தடயங்களை ஆவணப்படுத்துவதற்கென்று உலக அளவில் ஏற்கப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை இதற்குத் துணை நின்றது. வழக்கு மறுவிசாரணைக்காகத் திருப்பி அனுப்பப்பட்டது.

எட்டு ஆண்டுகள், நான்கு படிகள். அவர் அகதிதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'சரியாகப் பாருங்கள்' என்றுதான் சொன்னது. ஆனால் அந்த ஒரு வாக்கியம், தழும்போடு வரும் எத்தனையோ பேருக்குப் பிற்பாடு துணையாயிற்று. முதல் கடிதத்தோடு அவரை விமானம் ஏற்றியிருந்தால் அந்த விதி பிறந்தே இருக்காது.

நடுவானில் வந்த தடை உத்தரவு

ஆஸ்திரேலியாவின் பிலோயிலா குடும்பத்தைப் பற்றி மலேசியத் தமிழர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 2012, 2013ஆம் ஆண்டுகளில் தனித்தனியாகப் படகில் போய்ச் சேர்ந்த இருவர், அங்கேயே மணம் முடித்து, குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பிலோயிலா என்ற சிற்றூரில் வாழ்ந்தார்கள். இரண்டு பெண் குழந்தைகள் அங்கேயே பிறந்தனர். பெற்றோரின் அடைக்கலக் கோரிக்கை மறுக்கப்பட்டது. 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலையில் அதிகாரிகள் வந்து குடும்பத்தையே அழைத்துச் சென்றார்கள். பெற்றோரின் வழக்கு படிப்படியாகத் தோற்றது.

2019 ஆகஸ்ட் 29ஆம் தேதி இரவு மெல்பர்னில் விமானம் கிளம்பியது. வழக்கறிஞர்கள் அவசரமாக நீதிபதியை அணுகினார்கள். விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே தடை உத்தரவு பிறந்தது. விமானம் டார்வினில் இறங்கியது. குடும்பம் பின்னர் கிறிஸ்மஸ் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டது.

பெற்றோரின் வழக்கு முடிந்துவிட்ட நிலையில் சட்டத்தில் என்ன மிச்சம் இருந்தது? இளைய குழந்தை இருந்தது. அந்தக் குழந்தையின் சார்பான கோரிக்கை தனியாகப் பார்க்கப்பட வேண்டியது. அதைப் பரிசீலித்தபோது அவர்கள் தரப்பு வாதத்தைச் சொல்ல வாய்ப்புத் தரப்படவில்லை. நடைமுறை நியாயம் மறுக்கப்பட்டது என்று 2020 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரியில் அதன் முழு அமர்வும் அதை உறுதி செய்தது.

அந்தத் தீர்ப்பு விசா கொடுக்கவில்லை. அது கொடுத்தது கால அவகாசம். அந்த அவகாசத்தில் பிலோயிலா ஊர் மக்கள் குரல் எழுப்பினார்கள். 2022 மே மாதத் தேர்தலில் அரசாங்கம் மாறியது. ஜூன் மாதம் குடும்பம் ஊர் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தரமாகத் தங்கும் விசா வழங்கப்பட்டது. ஆட்சி மாற்றத்தால் வந்த முடிவு என்று சொல்லலாம். ஆனால் அந்த இரவில் தடை உத்தரவு சில மணி நேரம் தாமதித்திருந்தால், கொடுப்பதற்கு ஆளே இருந்திருக்காது.

நம் நாட்டில் என்ன நிலை?

இப்போது நம் வாசலுக்கு வருவோம். மலேசியா 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 1959/63ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தில் 'அகதி' என்ற பிரிவே கிடையாது. முறையான அனுமதியின்றி நாட்டிற்குள் நுழைந்தவர் யாராக இருந்தாலும் 6ஆவது பிரிவு பாயும். 10,000 ரிங்கிட்வரை அபராதம், ஐந்தாண்டுவரை சிறை, ஆறு பிரம்படிவரை தண்டனை விதிக்க அது இடமளிக்கிறது.

அடைக்கலக் கோரிக்கையை விசாரித்து முடிவெடுக்கும் வேலையைப் பல காலமாக ஐநா ஆணையமே செய்து வந்திருக்கிறது. வியட்நாமியப் படகு மக்கள் வந்த 1975இலிருந்து அது இங்கே இயங்கி வருகிறது. ஆணையம் மறுத்தால், அதற்குள்ளேயே ஒரு மேல்முறையீடு உண்டு. வழக்கமாக 30 நாள் அவகாசம். முதலில் விசாரித்தவர் அல்லாத வேறோர் அதிகாரி கோப்பைப் பார்ப்பார். அங்கும் மறுக்கப்பட்டால் பெரும்பாலும் கோப்பு மூடப்படும்.

அதற்குப் பிறகு நீதிமன்றம் போகலாமா? ஐநா அமைப்புகளுக்குச் சட்ட விலக்குரிமை இருப்பதால் அவற்றின் முடிவை நம் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. சரி, வெளியேற்ற உத்தரவு போடும் குடிநுழைவுத் துறையை எதிர்க்கலாமா? சட்டத்தின் 59ஆவது பிரிவு, உத்தரவுக்கு முன் தம் பக்கத்தைச் சொல்லும் வாய்ப்பையே எடுத்துவிடுகிறது. 1997இல் சேர்க்கப்பட்ட 59ஏ பிரிவு, நடைமுறை விதி பின்பற்றப்பட்டதா என்ற ஒன்றைத் தவிர வேறெதற்கும் சீராய்வு கேட்க முடியாதபடி கதவைச் சாத்துகிறது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நான்கு படி ஏறியவர்களின் கதையைப் பார்த்தோம். இங்கே முதல் படியே மிகக் குறுகலானது.

இதை நாம் சொல்வது மட்டுமல்ல, வெளிநாட்டு நீதிமன்றம் ஒன்றும் சொல்லியிருக்கிறது. 2011 ஜூலையில் ஆஸ்திரேலியாவும் மலேசியாவும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வரும் 800 பேரை மலேசியா ஏற்கும். பதிலுக்கு மலேசியாவிலுள்ள 4,000 அகதிகளை ஆஸ்திரேலியா எடுத்துக்கொள்ளும். அப்படி அனுப்பப்பட இருந்த ஆப்கானியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2011 ஆகஸ்ட் 31ஆம் தேதி, நாம் சுதந்திர தினம் கொண்டாடிய அதே நாளில், ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏற்பாட்டைத் தடுத்தது. அகதிகளைக் காக்க மலேசியா தன் சட்டத்தாலும் கட்டுப்படவில்லை, உலக உடன்படிக்கையாலும் கட்டுப்படவில்லை என்பதே முக்கியக் காரணம். மலேசியர் நல்லவரா கெட்டவரா என்று அந்த நீதிமன்றம் பார்க்கவில்லை. எழுதி வைத்த சட்டம் எங்கே என்று மட்டுமே கேட்டது.

சட்டம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நமக்குத் தெரிந்த சம்பவங்கள் உண்டு. 2014 மே மாதம் இலங்கைத் தமிழர் மூவர் இங்கே கைது செய்யப்பட்டார்கள். இருவர் ஐநா ஆணையம் அகதியாக ஏற்றவர்கள். ஒருவர் முடிவுக்காகக் காத்திருந்தவர். விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்பது அதிகாரிகள் சொன்ன குற்றச்சாட்டு. இரண்டு வாரம் முடிவதற்குள், மே 26ஆம் தேதி, மூவரும் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பதை ஒரு நீதிபதி கேட்டுத் தீர்மானிக்கும் கட்டமே வரவில்லை.

2021 பிப்ரவரி 23ஆம் தேதி நடந்தது இன்னும் கசப்பானது. மியன்மார் நாட்டவர் 1,200 பேரை அனுப்புவதற்காக, பேராக் மாநிலத்தின் லூமுட் கடற்படைத் தளத்தில் மியன்மார் கடற்படைக் கப்பல்கள் காத்திருந்தன. அங்கே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி மூன்று வாரம்தான் ஆகியிருந்த நிலை. பிப்ரவரி முதல் தேதிதான் அது நடந்திருந்தது. அன்று காலை கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் மறுநாள் காலை 10 மணிவரை இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் அன்றைக்கே 1,086 பேர் அனுப்பப்பட்டுவிட்டதாகக் குடிநுழைவுத் துறை அறிவித்தது. அவர்கள் விரும்பியே போனார்கள், அடைக்கலம் கோருபவர் யாரும் அவர்களில் இல்லை என்றது துறை. அதைச் சரிபார்க்கும் நிலையில் ஐநா ஆணையம் இல்லை. 2019 ஆகஸ்டிலிருந்தே தடுப்பு முகாம்களுக்குள் போக அதற்கு அனுமதி இருக்கவில்லை. மறுநாள் நீதிமன்றம் தடையை நீட்டியபோது மிஞ்சியிருந்தவர்கள் 114 பேர்.

மெல்பர்னில் கிளம்பிய விமானத்தை ஓர் உத்தரவு இறக்கியது. லூமுட்டில் கிளம்பிய கப்பலை ஓர் உத்தரவு நிறுத்தவில்லை. நீதிமன்றக் கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, அது சொல்வதற்குக் காத்திருக்கும் கடமையும் சட்டத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

நம் நீதிமன்றங்கள் கைகட்டி நிற்கின்றன என்றும் சொல்லிவிட முடியாது. 2020இல் லங்காவியில் படகில் வந்திறங்கிய ரோஹிங்கியா அகதிகளுக்குச் சிறைத் தண்டனையோடு பிரம்படியும் விதிக்கப்பட்டது. அவர்களில் 27 பேருக்கான பிரம்படியை அலோர்ஸ்டார் உயர் நீதிமன்றம் ஜூலை மாதம் ரத்து செய்தது. கொடுமைக்குத் தப்பி வந்தவர்களை அடிப்பது மனிதாபிமானமல்ல என்ற வாதம் எடுபட்டது. ஆக, தண்டனையின் கடுமையைக் குறைக்க நீதிபதிக்கு இடம் இருக்கிறது. இந்த மனிதர் பாதுகாப்புக்கு உரியவரா என்று தீர்மானிக்கத்தான் இடமில்லை.

மறுபக்க வாதம்

அரங்கம் என்றால் மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். "மேல்முறையீட்டுக்கு வழி திறந்தால் தகுதி இல்லாதவர்களும் காலம் கடத்த அதைப் பயன்படுத்துவார்கள், நீதிமன்றம் நிரம்பி வழியும், வரிப்பணம் வீணாகும்" என்று சொல்பவர்கள் உண்டு. வெறும் வாதமென்று இதை ஒதுக்க முடியாது. மேலை நாடுகளில் வழக்குகள் ஆண்டுக் கணக்கில் தேங்குவது உண்மை. வேலை தேடி வந்தவர் அடைக்கலம் கேட்பதும் நடக்கிறது.

ஆனால் காலதாமதத்திற்கு மருந்து கதவைச் சாத்துவதல்ல. முதல் விசாரணையைச் சரியாகச் செய்வதே மருந்து. கனடா இதை அனுபவத்தில் கற்றது. அடைக்கலம் கோருபவரை நேரில் வரவழைத்துக் கேட்காமல் கோரிக்கையை மறுப்பது முறையல்ல என்று அதன் உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரல் 4ஆம் தேதி 'சிங் வழக்கில்' தீர்ப்பளித்தது. வழக்காடியவர்களில் பெரும்பாலோர் சீக்கியர்கள். அந்தத் தீர்ப்பைத் தொடர்ந்து, 1989இல் அங்கே தனி அகதி வாரியமே அமைந்தது. இலங்கைத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்த வாரியத்தின் முன் நேரில் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொன்னார்கள்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். விசாரணை நடந்தால் தகுதி இல்லாதவரும் அடையாளம் காணப்படுவார். விசாரணையே இல்லாத இடத்தில் தகுதி உள்ளவரும் இல்லாதவரும் ஒரே முகாமில், ஒரே கம்பி வேலிக்குப் பின்னால், முடிவே தெரியாமல் கிடப்பார்கள். 2022 ஏப்ரல் 20ஆம் தேதி சுங்கை பாக்காப் தற்காலிகத் தடுப்பு முகாமிலிருந்து ரோஹிங்கியாக்கள் 528 பேர் தப்பி ஓடினார்கள். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது, குழந்தைகள் உட்பட ஆறு பேர் வாகனம் மோதி மாண்டார்கள். பினாங்கு எல்லைக்குப் பக்கத்தில் நடந்தது அது. எப்போது வெளியே வருவோம் என்று சொல்ல ஒரு விசாரணைத் தேதிகூட இல்லாதவர்கள் அவர்கள்.

கடிதம் கையில் வந்தால்

சட்டம் மாறும்வரை இருக்கிற வழியையாவது தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்து வீட்டிலோ வேலையிடத்திலோ ஒருவர் மறுப்புக் கடிதத்தோடு வந்து நின்றால், முதலில் அதிலுள்ள தேதியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கால அவகாசம் அங்கிருந்துதான் ஓடத் தொடங்கும். இரண்டாவது, மறுப்புக்கு என்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்று வரிவரியாகப் படிக்க வேண்டும். நம்பவில்லையா, நம்பினாலும் ஆபத்து போதாது என்கிறார்களா என்பதைப் பொறுத்து பதில் மாறும். "எனக்கு உயிர்ப் பயம்" என்று மறுபடி எழுதுவதில் பயனில்லை. எந்த இடத்தில் அதிகாரி தவறிவிட்டார், எந்தச் சான்று விட்டுப்போயிற்று என்று குறிப்பாக எழுத வேண்டும்.

மூன்றாவது, தழும்போ நோயோ இருந்தால் மருத்துவர் அறிக்கை வாங்க வேண்டும். அதன் மதிப்பு என்ன என்பதை 2019 தீர்ப்பு காட்டிவிட்டது. நான்காவது, மொழிபெயர்ப்பில் தவறு நேர்ந்திருந்தால் தயங்காமல் சொல்ல வேண்டும். ஐந்தாவது, காசு வாங்கிக்கொண்டு 'கார்டு எடுத்துத் தருகிறேன்' என்று சொல்லும் தரகரை நம்பக் கூடாது. ஐநா ஆணையம் பதிவுக்கும் அட்டைக்கும் கட்டணம் வாங்குவதில்லை. சட்டம் தெரிந்தவர் வேண்டுமென்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடலாம். பினாங்கிலும் அது இயங்குகிறது.

இவையெல்லாம் தனி மனிதர் செய்யக் கூடியவை. நாடு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எல்லாருக்கும் அடைக்கலம் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. மறுப்பதற்கு முன் ஒருவரை உட்கார வைத்துக் கேளுங்கள். மறுத்தால் காரணம் எழுதிக் கொடுங்கள். அந்தக் காரணத்தை இன்னொருவர் பார்த்து முடிக்கும்வரை கப்பல் ஏற்றாதீர்கள். லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட ஐவருக்கு இந்த மூன்றாவதுதான் கிடைக்காமல் போனது. லூமுட்டில் ஏறிய 1,086 பேருக்கும் அதுதான் கிடைக்கவில்லை.